உஷார்! பதிவான பாடம் யார் கையில்?

"ஆன்லைன் வகுப்பை ரெக்கார்ட் பண்ணி டிரைவ்ல போட்டுடுங்க சார்" என்று கல்லூரியில் சொன்னதும் போட்டுவிடுகிறீர்களா? ஒரு நிமிடம் நில்லுங்கள்.

கனடாவின் மான்ட்ரியலில் உள்ள கன்கார்டியா பல்கலைக்கழகத்தில் நடந்தது இது. 2021 ஜனவரியில் ஒரு மாணவர், பாடத்தில் சந்தேகம் கேட்பதற்காகக் கலை வரலாற்றுப் பேராசிரியரின் மின்னஞ்சல் முகவரியைத் தேடினார். கிடைத்தது இரங்கல் செய்தி! வீடியோவில் பாடம் நடத்திக்கொண்டிருந்த பிரான்சுவா-மார்க் காஞோன் 2019-லேயே காலமாகிவிட்டார். பாடப்பொறுப்பு வேறொருவரிடம் இருந்தது. பாடம் மட்டும் அவர் குரலிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

நம் விரிவுரையாளர்களிடம் ஆன்லைன் வகுப்பைப் பற்றிக் கேட்டால், நெட்வொர்க் தொல்லையையும், கேமராவை அணைத்துவிட்டு உட்காரும் பிள்ளைகளையும்தான் முதலில் சொல்கிறார்கள். நியாயமான குறைகள்தான். ஆனால் பதிவின் மீதான உரிமையைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. அதுதான் என்னைப் பதறவைக்கிறது. ஒரு பருவம் முழுவதும் பதிவான பாடம் கையில் இருக்கும்போது, கௌரவ விரிவுரையாளரை அடுத்த பருவத்துக்கு மறுபடி எதற்குக் கூப்பிட வேண்டும்? ஒரு பருவப் பாடங்களில் 40 சதவீதம் வரை மத்திய அரசின் ஸ்வயம் ஆன்லைன் பாடத் தளத்தில் படிக்க இடம்தரும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி 2021-லேயே வந்துவிட்டது. அதனால், கொரோனா முடிந்து வகுப்பறை திறந்துவிட்டதே என்று அசட்டையாக இருக்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, பணியின் அங்கமாக ஊழியர் உருவாக்கும் படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணி கொடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்கள் எழுதிய குறிப்புகளுக்கும் இந்த வாதம் வரலாம். ஆனால் அதே சட்டம், நடிகர், பாடகர், பாம்பாட்டி வரிசையில் விரிவுரை ஆற்றுபவரையும் 'நிகழ்த்துநர்' என்கிறது. அந்த நிகழ்த்துநர் உரிமைக்கு ஆயுள் 50 ஆண்டுகள். படித்துப் பார்க்காமல் போடும் ஒரு சம்மதக் கையெழுத்தில் அது கைமாறிவிடும்.

கசிவு இன்னொரு ஆபத்து. 2020 ஏப்ரலில், ஜூமில் பதிவான ஆயிரக்கணக்கான வீடியோக்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் கிடந்ததை வாஷிங்டன் போஸ்ட் அம்பலப்படுத்தியது. பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளும் அதில் இருந்தன. ஜூம் பாதுகாப்பான தளமல்ல என்று இந்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்ததும் அதே மாதம்தான். வகுப்பு லிங்க்கைப் பொது வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மாணவர் முகம் தெரியும் பதிவை அவர்களைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

கல்லூரி கொடுத்த ஐடியை மூடிவிட்டால் உங்கள் பாடத்தை நீங்களே பார்க்க முடியாது. ஸ்லைடுகளுக்கும் குறிப்புகளுக்கும் சொந்தப் பிரதி இன்றே எடுத்துவையுங்கள். பதிவு செய்யச் சொன்னால், "இந்தப் பருவ மாணவர்களுக்கு மட்டும், மறுபடி பயன்படுத்த என் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்" என்று எழுதிக் கொடுத்து, நகலில் ஒப்புகை வாங்குங்கள். தனி ஆளாகக் கேட்க ஒப்பந்த ஊழியர் அஞ்சுவார். அதனால் கல்லூரி ஆசிரியர் சங்கங்களான மூட்டாவும் ஏ.யூ.டி.யும் இதை உடனே கையிலெடுக்க வேண்டும்.