எண்ணெயில் காணாமல் போன அதிரசம்! தலை தீபாவளி வீட்டில் 3 வாரத் திண்டாட்டம்

சட்டியில் போட்ட அதிரசம் எங்கே போயிற்று?

2023-ம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு, மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டில் எழுந்த கேள்வி இது. மாவை வாழை இலையில் தட்டி, உடையாமல் எடுத்து, காய்ந்த எண்ணெயில் போட்டார்கள். போட்டது மேலே வரவில்லை. நுரை மட்டும் பொங்கியது. அரை நிமிடத்தில் சட்டி நிறையப் பழுப்பு நிறத்தில் தூள் மிதந்தது. அதிரசத்தைக் காணோம்!

"ஐயோ அத்தை! எல்லாம் கரைஞ்சு போச்சே!" என்று அந்த வீட்டு அம்மாள் போட்ட கூச்சலில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள்.

அந்த அம்மாள் சமையலுக்குப் புதியவர் அல்ல. வயது 55. ரவா லாடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பார். ஒரு டம்ளர் ரவைக்கு முக்கால் டம்ளர் சர்க்கரை. ரவையை நெய்யில் வறுத்து, சர்க்கரையைப் பொடித்துக் கலந்து, சூடாக நெய் விட்டால் வேலை முடிந்தது. பாகு வைக்கிற வேலை இல்லை. பாயசமும் கேசரியும் அப்படித்தான். 30 வருடக் குடித்தனத்தில் அதிரசத்தின் பக்கம் மட்டும் அவர் போனதே இல்லை. அது மாமியாரின் இலாகா!

மாமியாருக்கு வயது 84. கும்பகோணம் பக்கத்து மனுஷி. இரண்டு வருடமாகக் கண் பார்வை இல்லை. அடுப்படிக்கு வருவதையும் விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை வருகிறார்!

இந்த நேரத்தில்தான் தலை தீபாவளி வந்து சேர்ந்தது. அந்த ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். தீபாவளிக்கு மாப்பிள்ளை மாமனார் வீட்டுக்கு வர வேண்டும். திரும்பிப் போகும்போது சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தூக்குப் போக வேண்டும். தூக்கில் என்ன இருக்கிறது என்பதை அந்த வீட்டுப் பெண்கள் திறந்து பார்க்காமல் விடுவார்களா?

வீட்டுக்காரர் ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். சிக்கனக்காரர்தான். ஆனால் அவரே, "பேசாம கடையில ரெண்டு கிலோ வாங்கிடலாமே" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த கிழவி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இந்த வீட்டுலேருந்து கடை அதிரசம் சம்பந்தி வீட்டுக்குப் போகணுமா? அதைப் பாக்கவா நான் உசுரோட இருக்கேன்?"

அதோடு கடைப் பேச்சு முடிந்தது. கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சரக்கில் குறை இல்லை. இது மானப் பிரச்சினை!

கல்லா, பலகாரமா?

ஆயுத பூஜைக்கு முதல் நாள், அக்டோபர் 22, முதல் முயற்சி. பாக்கெட் பச்சரிசி மாவு வாங்கினார். வெல்லப் பாகு கொதிக்கும்போது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். போய்ப் பேசிவிட்டு வருவதற்குள் பாகு முற்றிவிட்டது. மாவைப் போட்டதும் இறுகிக் கட்டியாயிற்று. எப்படியோ தட்டிச் சுட்டார்.

வீட்டுக்காரர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பேசாமல் தட்டில் வைத்துவிட்டார். தட்டில் விழுந்தபோது 'டங்' என்று சத்தம் கேட்டது.

"அம்மாடி, சத்தம் கேட்டாலே போச்சுடி" என்றார் மாமியார், இருந்த இடத்திலிருந்தே.

பாகில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டி, அந்த உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வருவது கடலை மிட்டாய்க்கும் பொரி உருண்டைக்கும் உரிய பதம். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் அந்த முற்றிய பாகுதான் வேண்டும். அதிரசத்துக்கு அது ஆகாது. தண்ணீரில் விட்ட பாகு கரையாமல் திரள வேண்டும். விரலால் எடுத்தால் மெத்தென்று உருள வேண்டும். அதற்கு முந்தினால் எண்ணெயில் பிரியும். பிந்தினால் கல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில விநாடிகள்தான்.

மாவும் சரியில்லை. அதிரசத்துக்கு ஈர மாவுதான் வேண்டும். பாக்கெட் மாவு காய்ந்த சரக்கு. பாகில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரத்தையும் குடித்துவிடும்.

சுட்ட அதிரசத்தையெல்லாம் இடித்துத் தூளாக்கி, பாலில் கொதிக்கவிட்டுப் பாயசம் என்று சொல்லித் தலையில் கட்டினார். யாரும் குறை சொல்லவில்லை.

நடுவில் மைசூர் பாகு வேறு! கடலை மாவைக் கம்பிப் பாகில் போட்டு, சூடான நெய்யைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளற, பொங்கிப் பொங்கி வந்தது. தீய்ந்துவிடப் போகிறதே என்று பயந்து ஒரு நிமிடம் முன்னால் இறக்கிவிட்டார். வில்லை போட வரவில்லை. கூழாகவே நின்றது. வீட்டுக்காரர் அதற்கு "மைசூர் அல்வா" என்று பெயர் வைத்தார். இரண்டே நாளில் டப்பா காலி!

30 பலம் வெல்லம்!

இரண்டாம் முயற்சிக்கு மாமியாரிடமே அளவு கேட்டார்கள்.

"ஒரு படி அரிசிக்கு முப்பது பலம் வெல்லம்" என்றார் அவர்.

பலமா? அந்தக் காலத்து எடை! 40 பலம் ஒரு வீசை. ஒரு வீசை என்றால் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம். 1962-லேயே கிலோ எடை நாடு முழுவதும் கட்டாயம் ஆகிவிட்டது. ஆனால் 1956-ல் கல்யாணம் ஆகி அடுப்படிக்குள் நுழைந்த அந்த அம்மாளுக்குப் பலமும் வீசையும்தான் கணக்கு.

குமாஸ்தா பேனா எடுத்தார். ஒரு பலம் 35 கிராம். முப்பது பலம் 1 கிலோ 50 கிராம். கணக்கில் பிசகு இல்லை. வீட்டில் இருந்த எவர்சில்வர் படியில் ஒரு படி அரிசி அளந்து ஊறப்போட்டார்கள். 1 கிலோ 50 கிராம் வெல்லத்தைத் தராசு வைத்து நிறுத்துப் போட்டார்கள். ஒரு நாள் ஊறிய மாவைத் தட்டி எண்ணெயில் போட்டபோதுதான் அதிரசம் காணாமல் போனது.

அன்று இரவு அந்த அம்மாள் சாப்பிடவில்லை. "எனக்கு இது கைவராதுங்க" என்று அழுதே விட்டார். தீபாவளிக்குப் பத்து நாள்கூட இல்லை.

கிழவிக்கும் தூக்கம் வரவில்லை. நடு இரவில் குரல் கொடுத்தார்: "ஏம்மா, எந்தப் படியில அளந்தே?"

"நம்ம எவர்சில்வர் படிதான் அத்தை."

"அதைக் கொண்டா."

கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். மாமியார் அதை இரண்டு கையாலும் தடவினார். உள்ளே விரலை விட்டு ஆழம் பார்த்தார்.

"இது படியா? இது சொம்புடி!"

விஷயம் விளங்கிவிட்டது. எவர்சில்வர் படி, லிட்டர் படி. அதில் 800 கிராம் சொச்சம் அரிசிதான் பிடிக்கும். மாமியார் சொன்னது ஊரில் இருந்த பித்தளைப் பெரிய படி. ஒன்றரை லிட்டருக்கு மேல் கொள்ளும். ஊருக்கு ஊர் படி வேறு என்பது குமாஸ்தாவின் கணக்கில் வரவில்லை. 800 கிராம் அரிசிக்கு ஒரு கிலோவுக்கு மேல் வெல்லம் போட்டால் அதிரசம் எப்படி நிற்கும்? அந்தப் பித்தளைப் படியையோ, வீடு மாறும்போது பழைய பாத்திரக்காரரிடம் போட்டாயிற்று.

மீதி மாவில் கோதுமை மாவும் வாழைப்பழமும் பிசைந்து அப்பமாகச் சுட்டுத் தீர்த்தார்கள்.

நாற்காலி போட்டு உட்கார்ந்தார்!

நவம்பர் 9, வியாழக்கிழமை. மூன்றாம் முயற்சி. இந்த முறை படியும் இல்லை, பலமும் இல்லை. மாவுப் பச்சரிசி 1 கிலோ, பாகு வெல்லம் முக்கால் கிலோ.

அரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து வடித்தார். வேட்டியை விரித்து நிழலில் உலர்த்தினார். கையில் ஒட்டக் கூடாது, ஆனால் ஈரம் இருக்க வேண்டும். அந்த நிலையில் மிக்ஸியில் அரைத்துச் சலித்தார். மாவைப் பிடித்தால் கொழுக்கட்டை போல் நின்றது. வெல்லத்தைக் கரைத்து மண் போக வடிகட்டி அடுப்பில் ஏற்றினார்.

கல்லூரியில் படிக்கும் மகன் பாகின் சூடு பார்க்க ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்திருந்தான். "115 டிகிரி வந்ததும் இறக்கணும்மா" என்றான். அவன் சொன்னது தப்பில்லை. தண்ணீர் வற்ற வற்றப் பாகின் சூடு ஏறும். உருட்டும் பதம் ஏறத்தாழ அந்தச் சூட்டில்தான் வரும். ஆனால் அது சர்க்கரைக் கணக்கு. வெல்லம் மண்டைக்கு மண்டை வேறுபடும். நுரை பொங்கிக் கருவியை மறைத்துவிட்டது. எண் தெரியவில்லை.

மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து அடுப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மடியில் ஒரு கிண்ணம் தண்ணீர்.

முதல் சொட்டு விட்டார்கள். கிழவி கிண்ணத்தில் விரலை விட்டார். "கரையுது."

இரண்டாவது சொட்டு. "நழுவுது. இன்னும் வரலை."

மூன்றாவது சொட்டை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மருமகளின் கை நடுங்கியது. "அத்தை, எறக்கட்டுமா?"

"பொறு."

நாலாவது சொட்டு விழுந்ததும் விழாததுமாக, "எறக்கு! எறக்கு! மாவைக் கொட்டு!" என்றார்.

மகன் மாவைத் தூவ, அம்மாள் கிளற, வீட்டுக்காரர் பாத்திரத்தைப் பிடிக்க, கொஞ்ச நேரத்தில் மாவு இளகலாகத் திரண்டது. ஏலக்காய், சுக்குப் போட்டு, மேலே நெய் தடவி, வெள்ளைத் துணியால் வேடு கட்டினார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று கிழவி உத்தரவு!

தீபாவளிக்கு முதல் நாள், சனிக்கிழமை சாயங்காலம் சட்டி வைத்தார்கள். முதல் அதிரசத்தைப் போடும்போது அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மகன்தான் சொன்னான்: "அம்மா, மேல வருது!"

உப்பி மேலே வந்தது. திருப்பிப் போட்டார். சிவந்தது. எடுத்து இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவில் அழுத்த, எண்ணெய் வடிந்தது. அதிரசம் உடையவில்லை.

முதல் அதிரசம் மாமியார் கைக்குப் போனது. ஓரத்தைத் தடவினார். நடுவில் அமுக்கினார். ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"ஏலக்காய் கம்மி" என்றார். பிறகு, "இன்னொண்ணு கொடு" என்று கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்து 4 சாப்பிட்டார். சம்பந்தி வீட்டுத் தூக்கில் 25 போயிற்று. செவ்வாய்க்கிழமை சம்பந்தி அம்மாள் போனில் அளவு கேட்டார்.

"கிலோவுக்கு முக்கால் கிலோ. அவ்வளவுதான்" என்றார் இந்த அம்மாள். "பாகு வைக்கிற அன்னிக்கு மட்டும் சொல்லுங்க. அத்தையை ஆட்டோவில கூட்டிட்டு வரேன்."