சமையலறைக் குழாயைப் பார்த்து வாங்குவோம்

குழாய் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. சுமார் 20 லிட்டர், அதாவது ஒரு குடத்துக்கு மேல் வீண். கோடையில் குடத்தோடு அலையும் நம் குளத்தூர்ப் பகுதிக்கு இது சிறு நட்டமல்ல.

குழாய் மாற்றும்போது முதலில் அளவு பாருங்கள். வீடுகளில் பெரும்பாலும் அரை அங்குலம், அதாவது 15 மி.மீ. அடுத்து, கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளை கனக்கும், மேலே முலாம் பூசிய பிளாஸ்டிக் இலேசாக இருக்கும். பளபளப்பைக் கண்டு ஏமாற வேண்டாம். பித்தளைக் குழாயில் ஐ.எஸ். 781 அல்லது 8931 எண்ணுடன் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா எனக் கவனியுங்கள்.

உப்புத் தண்ணீரில் வாஷர் சீக்கிரம் கெடும். ஆகவே வாஷரும் ஸ்பிண்டிலும் உள்ளூர்க் கடையில் தனியே கிடைக்கும் வகையையே வாங்குங்கள். ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் யோசனை கேட்கும் வாடிக்கையாளருக்கும் இதையே சொல்லுங்கள். நம்பிக்கைதானே நமக்கு முதல்!