அவசரம் இல்லாத ஊரில் மூன்று நாள்

நம் நாட்டின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி திறக்கப்பட்டது. தைப்பிங்கிலிருந்து கடலோரத் துறைமுகம் வரை ஏறத்தாழ 13 கிலோமீட்டர் தூரம். அந்தத் துறைமுக ஊருக்கு இன்று ரயிலில் போக முடியாது. தண்டவாளம் போய் வெகு காலமாகிவிட்டது. ஊர் மட்டும் இருக்கிறது. அன்று அதன் பெயர் போர்ட் வெல்ட். இன்று கோல செபெத்தாங்.

சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் கணவரும் மூன்று நாள் அங்கே தங்கினோம். நான் ஒரு நிறுவனத்தில் கணக்காளர். அவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்பவர். நான் வேலை முடிந்து வரும்போது அவர் புறப்பட்டுக்கொண்டிருப்பார். திருமணமாகி மூன்று ஆண்டுகளில் இருவருக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுமுறை கிடைத்தது இதுவே முதல் முறை. நண்பர்கள் லங்காவி என்றார்கள், பாலி என்றார்கள். எங்களுக்கோ காலையில் எழுந்ததும் ‘இன்று எங்கே?’ என்று கேட்கத் தேவையில்லாத இடம் வேண்டியிருந்தது.

கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் தைப்பிங். அங்கிருந்து வாடகைக் காரில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். வழியில் மாத்தாங்கில் கோத்தா ஙா இப்ராஹிம் இருக்கிறது. பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பெர்ச் கொலை வழக்கு விசாரிக்கப்பட்ட இடம். வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் மனப்பாடம் செய்யும் பெயர்கள் இந்தச் சாலையோரத்தில்தான் கிடக்கின்றன.

நான்கு எழுத்தில் ஒரு பெயர்

கோல செபெத்தாங் பெரிய ஊர் அன்று. ஆற்றின் இரு கரையிலும் மரக்கால்கள்மேல் நிற்கும் வீடுகள், மீன்பிடிப் படகுகள், கருவாடும் உலர் இறாலும் விற்கும் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், ஒரு சின்னக் கடைத்தெரு. அந்தக் கடைத்தெருவில்தான் பழைய ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. போர்ட் வெல்ட் என்ற பெயர் அதில் நான்கு எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கிறது: ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ்.

என் கணவர் அதன் முன்னால் வெகு நேரம் நின்றார். “சீன மீனவர் ஊருல தமிழ் எழுத்து எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். பதில் ரயிலில்தான் இருக்கிறது. லாருட் வட்டாரத்தில் தோண்டிய ஈயத்தைக் கப்பலேற்ற வேண்டியிருந்தது. அதற்குத்தான் இந்தப் பாதை. அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் படைப் பிரிவினர். பின்னர் மலாயா முழுவதும் ரயில் பாதை நீண்டபோது தண்டவாளம் போட்ட கைகளிலும், நிலையங்களில் வேலை பார்த்த கைகளிலும் தமிழர் கைகள் ஏராளம். துறைமுகத்துக்கு அப்போதைய நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் சர் பிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். பாதை போட்டவர்களின் பெயர் பலகையில் இல்லை. அவர்கள் படித்த எழுத்து இருக்கிறது.

கடலின் நேர அட்டவணை

நாங்கள் தங்கிய ஆற்றோர விடுதியில் தொலைக்காட்சி இல்லை. சன்னலைத் திறந்தால் ஆறு. முதல் நாள் மாலை அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் இறங்க இறங்க வீடுகளின் மரக்கால்கள் நீண்டுகொண்டே போயின. பின்னர் சேறு தெரிந்தது. சேற்றில் கண்களை உருட்டிக்கொண்டு துள்ளும் மீன்கள் வந்தன. மலாய்க்காரர்கள் அதைப் பெலாச்சாக் என்பார்கள். தண்ணீருக்கு வெளியேயும் மூச்சுவிடக்கூடிய மீன் அது. இரவு கண்விழித்தபோது ஆறு மீண்டும் வீட்டுப் படிக்கட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்களைப் படகில் அழைத்துச் செல்ல ஒரு பெரியவர் ஒப்புக்கொண்டார். அறுபதைத் தாண்டிய சீனர். நாங்கள் அவரை அங்கள் என்று அழைத்தோம், மலாயில் பேசினோம். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டதற்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தார். “இன்று ஏழு மணிக்கு என்றால், நாளைக்கு எட்டு மணி ஆகப் போகும்” என்றார்.

இது நீங்கள் பாடத்தில் படிப்பதுதான். இந்தக் கரையில் ஒரு நாளில் இருமுறை ஓதம் ஏறும், இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். பூமி ஒருமுறை சுற்றி முடிப்பதற்குள் நிலவும் தன் பாதையில் கொஞ்சம் நகர்ந்துவிடுவதால், ஒவ்வொரு நாளும் ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வருகிறது. நமக்கு அது தேர்வுக்கான குறிப்பு. இங்கே அதுதான் வேலை நேரம். படகு புறப்படுவதும் திரும்புவதும் அதன்படிதான். மேலதிகாரியிடம் பேசி அதை மாற்றிக்கொள்ள முடியாது.

நாங்கள் ஓய்வெடுக்க வந்த ஊரில் மற்ற எல்லாரும் வேலையில் இருந்தார்கள் என்பதை அன்று காலைதான் நன்றாகக் கவனித்தேன். மீனை இனம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள், வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஐஸ் பெட்டி தூக்கிய இளைஞர்கள். யாரும் ஓடவில்லை, யாரும் சும்மா இருக்கவும் இல்லை. காத்திருக்க வேண்டிய நேரத்தில் காத்திருந்தார்கள். நேரம் வந்ததும் எழுந்தார்கள்.

முப்பது ஆண்டுக் கணக்கு

ஊரைச் சூழ்ந்திருப்பது மாத்தாங் சதுப்புநிலக் காடு. 40,000 ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு. 1902 முதல் வனத்துறையின் நிர்வாகத்தில் இருந்து வருகிறது. காடு என்றால் வெட்டாமல் வைத்திருப்பது என்று நினைப்போம். இங்கே நூறு ஆண்டுக்கும் மேலாக வெட்டுகிறார்கள், காடும் இருக்கிறது. எப்படி?

காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து முறை வைத்து வெட்டுகிறார்கள். ஓர் இடத்தில் வெட்டினால் அங்கே பக்காவ் கன்று மீண்டும் வளர வேண்டும். தானாக முளைக்காத இடத்தில் கையால் நடுகிறார்கள். 15ஆம் ஆண்டிலும் 20ஆம் ஆண்டிலும் நெருக்கமாக நிற்கும் மரங்களைக் கழித்துக் கம்பமாக விற்கிறார்கள். மீதி மரங்களைத் தொட 30 ஆண்டு காத்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் என் கணக்காளர் புத்தி வேலை செய்தது. வருமானம் வர முப்பது ஆண்டு ஆகும் செலவை எந்த நிறுவனமும் எளிதில் ஏற்காது. நீங்கள் இப்போது படிவம் 4 மாணவர் என்றால், இன்று நடப்படும் கன்றை வெட்டும்போது உங்களுக்கு 46 வயது. இன்று நடுகிற தொழிலாளி அநேகமாக ஓய்வுபெற்றிருப்பார். அவர் இப்போது வெட்டும் மரத்தை நட்டவரும் அப்படித்தான் இன்னொருவருக்காக நட்டுவிட்டுப் போனார்.

மரப்பலகை நடைபாதையில் காட்டுக்குள் நடந்தால், முட்டுவேர்கள் குடைக்கம்பிகள் போல் விரிந்து சேற்றில் ஊன்றி நிற்பதைப் பார்க்கலாம். பக்காவ் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, முருங்கைக்காய் போல் நீண்டு, அதன் பிறகுதான் கீழே விழுகிறது. மீன்குஞ்சும் இறாலும் இந்த வேர்களுக்கிடையில்தான் வளர்கின்றன. காடு போனால் வலையில் மீன் குறையும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

எரியாமல் கரியாகும் மரம்

வெட்டிய மரம் ஊரின் எல்லையில் இருக்கும் கரிச்சூளைகளுக்குப் போகிறது. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு கட்டிய வட்டமான சூளைகள், கவிழ்த்து வைத்த பெரிய பானைபோல் இருக்கும். பட்டை உரித்த கட்டைகளை உள்ளே செங்குத்தாக அடுக்குகிறார்கள். தீ மூட்டுவது வாயிலில் மட்டும். உள்ளே இருக்கும் மரம் எரியக் கூடாது. காற்று போதாத சூட்டில் அதன் ஈரமும் ஆவியும் வெளியேறி, கார்பன் மிஞ்ச வேண்டும். பிறகு எல்லாத் துளைகளையும் அடைத்து ஆறவிடுகிறார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஏறத்தாழ ஒரு மாதம். 40 டன் மரம் உள்ளே போனால் வெளியே வருவது சுமார் 10 டன் கரி. பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது.

சூளைக்குள் எவ்வளவு சூடு என்று எப்படித் தெரியும் என்று அங்கே வேலை செய்தவரிடம் கேட்டேன். துளை வழியாக வந்த புகையைக் காட்டினார். புகையின் நிறமும் வாடையும் போதுமாம். அவசரப்பட்டு முன்கூட்டியே திறந்தால் காற்று உள்ளே புகுந்து மொத்தமும் சாம்பலாகிவிடும் என்றார். வெளியே வரும்போது என் கணவர், “போனைத் தொட்டு மூணு மணி நேரம் ஆச்சு, கவனிச்சியா?” என்றார். “நீங்க சொன்ன பிறகுதான் கவனிச்சேன்” என்றேன்.

கருடனும் மின்மினியும்

மாலையில் அங்கள் மீண்டும் படகை எடுத்தார். கருடன்கள் வட்டமிடும் இடத்துக்கு வந்ததும் ஒரு வாளியைத் திறந்தார். உள்ளே கோழித்தோல். பயணிகள் படம் எடுப்பதற்காக வீசுவது வழக்கம். மீனும் நண்டும் தேடித் தின்னும் பறவைக்குக் கோழிக் கொழுப்பு எதற்கு என்று எங்களுக்குத் தோன்றியது. “வேண்டாம் அங்கள், அது தானாகப் பிடிப்பதைப் பார்க்கிறோம்” என்றோம். அவர் சிரித்துக்கொண்டே வாளியை மூடினார். அரை மணி நேரம் காத்திருந்தோம். ஒரு கருடன் இறங்கி வந்து, ஆற்றின்மேல் கோடு கிழித்ததுபோல் போய், காலில் மீனோடு எழுந்தது. படம் எடுக்க நேரம் இல்லை. பார்க்க நேரம் இருந்தது.

இருட்டிய பிறகு பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள். நூற்றுக்கணக்கான பூச்சிகள் ஒரே நேரத்தில் மின்னி ஒரே நேரத்தில் அணைகின்றன. ஆண் பூச்சிகள் பெண் பூச்சிகளை அழைக்கும் முறை அது. அவற்றின் புழுப்பருவம் ஆற்றங்கரை மண்ணில் சிறு நத்தைகளைத் தின்று கழிகிறது. அதனால் கரையோரச் செடிகளை அழித்துவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் அவற்றின் பேச்சைக் குலைத்துவிடும். படகில் இருந்த நால்வரும் கைப்பேசிகளை அணைத்துவிட்டோம்.

அங்களுக்கு இரண்டு மகன்கள். ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர் பினாங்குத் தொழிற்சாலையில். படகை யார் எடுப்பார் என்று கேட்டேன். “கேட்டால் மீன்தான் பதில் சொல்லணும்” என்றார். முன்பெல்லாம் கெராங் விதையைச் சேற்றில் தூவினால் ஓராண்டுக்கு மேல் காத்திருந்து அள்ளலாமாம். கடந்த இருபது ஆண்டுகளில் நாட்டின் கெராங் உற்பத்தி பெரிதும் சரிந்துவிட்டது. அசுத்தமான நீர் அதற்கு ஒரு காரணம். அந்த நீர் மீனவர் ஊரில் உருவானதில்லை. மேட்டில் இருக்கும் நகரங்களிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் வருகிறது. மகன்கள் ஊரைவிட்டுப் போனதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. காத்திருந்தால் பலன் உண்டு என்ற நம்பிக்கை இருந்தால்தானே காத்திருக்க முடியும்?

நீங்கள் போகும்போது

இந்த ஊருக்குப் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். காட்டுக்கு வனவியல் படித்தவர்கள், ஆற்றுக்கு நீரின் தரத்தை அளக்கத் தெரிந்தவர்கள், முகத்துவாரத்தில் வாழும் ஓங்கில்களை ஆராய உயிரியல் மாணவர்கள், ரயில் பாதையின் கதையைத் தொகுக்க வரலாறு படித்தவர்கள். பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்று யோசிப்பவர்களுக்கு மூன்று நாளில் பல துறைகளை நேரில் காட்டும் ஊர் இது.

செலவும் பெரிதில்லை. நான்கு நண்பர்கள் சேர்ந்து அறையையும் படகையும் பகிர்ந்துகொண்டால் பேரங்காடியில் கழிக்கும் ஒரு வார இறுதிச் செலவோடு ஒப்பிடக்கூடிய அளவுதான். ஓத அட்டவணையை முன்கூட்டியே பாருங்கள். மின்மினிக்கு நிலவொளி குறைந்த இரவைத் தேர்ந்தெடுங்கள். கொசு மருந்து கட்டாயம். பெரிய இறால் போட்ட மீ ஊடாங் சாப்பிடாமல் திரும்ப வேண்டாம். சூளைக்குப் போனால் அங்கே வேலை நடக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

முக்கியமாக, ஒரு மதிய வேளையை எந்தத் திட்டமும் இல்லாமல் விட்டுவையுங்கள். ஆற்றோரம் உட்கார்ந்து தண்ணீர் முழுதாக வற்றி, மறுபடி ஏறத் தொடங்கும் வரை பாருங்கள். ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். எனக்கும் என் கணவருக்கும் மூன்று ஆண்டுகளாகப் பேசாமல் விட்டுப்போன பேச்சுகளைப் பேசி முடிக்க அந்த நேரம் சரியாக இருந்தது.