சாஷே மாளிகையின் சிறு அறை

பிரெஞ்சு நாட்டின் தூர் நகருக்குத் தென்மேற்கே, ஆந்த்ர் என்னும் ஆறு பாயும் பசுமையான பள்ளத்தாக்கில் சாஷே என்ற சிற்றூர் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்து, பின்னர் வந்தோரால் மாற்றிக் கட்டப்பட்ட மாளிகை ஒன்று அங்கே உண்டு. அகழியும் கொத்தளமும் எதிர்பார்த்துச் செல்வோர் ஏமாந்து போவர். நாட்டுப்புறத்துப் பெருவீடு என்றே அதைச் சொல்லலாம். ஆயினும் உலகப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஓனோரே த பால்சாக் (1799–1850) ஓடி வந்து எழுதிய இடம் அது.

ஓடி வந்து என்பது வெறும் அலங்காரச் சொல் அன்று. இளமையில் அவர் அச்சகம் நடத்தினார். எழுத்து வார்ப்புத் தொழிலிலும் இறங்கினார். 1828-இல் எல்லாம் நொடித்துப் பெருங்கடனில் மூழ்கினார். பாரிஸில் இருந்தால் கடன் கொடுத்தவர்களின் தொல்லை! சாஷேயின் உரிமையாளரான ழான் த மார்கோன் என்பவர் குடும்ப நண்பர். அவர் மாடியில் ஓர் அறையைக் கொடுத்தார். 1848 வரை பால்சாக் பலமுறை அங்கே சென்று தங்கினார்.

மாளிகையில் விசாலமான கூடங்கள் இருக்க, அவருக்கு வாய்த்தது ஒரு கட்டிலும் சிறு மேசையும் கொண்ட சிற்றறை. அதுவே அவருக்குப் போதுமானதாயிற்று. விடியுமுன் எழுந்து, கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டு மணிக்கணக்காக எழுதுவார். (விடுதித் தோழியர் காப்பியை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) மாலையில் உடை மாற்றிக்கொண்டு விருந்தினரோடு உணவருந்த இறங்கி வரவேண்டும். எழுத்தை இடையில் நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று கடிதத்தில் அவர் குறைபட்டுக்கொண்டதும் உண்டு.

1832-இல் அங்கே எழுதிய ‘லூயி லாம்பேர்’ நம் போன்ற மாணவியர்க்கு நெருக்கமான நாவல். வான்தோம் நகரில் ஓரட்டோரியன் சபையாரின் பழைய விடுதிப் பள்ளியில், எட்டாவது வயது முதல் ஏறத்தாழ ஆறாண்டுகள் பால்சாக் பயின்றார். விடுமுறைக்குக்கூட வீட்டுக்கு அனுப்பாத பள்ளி அது! அந்தச் சிறுவனின் தனிமைதான் நாவலாயிற்று. 1834-இல் அதே அறையில் ‘பெர் கோரியோ’வைத் தொடங்கினார். பெண்மக்களுக்காக எல்லாவற்றையும் இழந்து, அவர்களாலேயே கைவிடப்படும் தந்தையின் கதை அது. பாரிஸின் சந்தடி நிறைந்த அக்கதை, பறவை ஒலி மட்டும் கேட்கும் ஊரில் உருவானது எனக்கு இன்றும் வியப்பே.

1951 முதல் சாஷே மாளிகை பால்சாக் அருங்காட்சியகமாக விளங்குகிறது. அவருடைய அறையையும், அவர் திருத்திய அச்சுப்படிகளையும் அங்கே காணலாம். ஓரமெல்லாம் கோடுகள், அடித்தல்கள், புதிய பத்திகள்! ஒரு காலத்தில் தாமே அச்சகம் நடத்தியவர், அச்சுக் கோப்பவர்களை எப்பாடு படுத்தியிருக்கிறார் என்பதற்கு அந்தத் தாள்களே சாட்சி.