விசைக்குள் 25 மைக்ரான்

ஒரகடத்து மெஷின் ஷாப் ஒன்றில் வேலை பார்ப்பவரிடம் 25 மைக்ரான் என்றால் எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியின் வெற்றி தோல்வியும் அந்த அளவில்தான் இருக்கிறது. இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் 0.5 மி.மீ. குண்டு 0.25 மி.மீ. தள்ளி விழுந்தால் 0.1 புள்ளி போய்விடும். பின்கட்டை தோளில் ஊன்றியிருக்கும்போது, அந்த விலகலுக்குக் குழல் முனை சுமார் 25 மைக்ரான் அசைந்தாலே போதும்.

கடலூரில் பிறந்த ஏர் ரைஃபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவன், சென்னையில் பிறந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நாரங்கின் பயிற்சி மையத்தில் தேர்ந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 60 குண்டுகளில் 630.7 புள்ளி எடுத்தார். குண்டுக்குச் சராசரி 10.5. அப்படியும் பத்தாம் இடம்தான் கிடைத்தது. இறுதிச் சுற்றுக்குப் போவது எட்டுப் பேர். நிற்கும் நிலை, மூச்சு, பார்வை எல்லாம் கூடி வந்த பிறகும் குழலை அசைத்துவிடக்கூடியது, விசையை இழுக்கும் விரல். அதனால்தான் வீரர்கள் விசையின் மேல் அத்தனை கவனம் வைக்கிறார்கள்.

போட்டித் துப்பாக்கியின் உள்ளே, ஸ்ப்ரிங் தள்ளிக்கொண்டிருக்கும் ஹேமரை ஒரு சிறு எஃகுக் கொக்கி பிடித்து நிறுத்தியிருக்கும். அதுதான் சியர். விசையை இழுக்கும்போது சியரின் விளிம்பு நழுவும், ஹேமர் பாய்ந்து வால்வைத் தட்டும், அடைபட்டிருந்த காற்று 4.5 மி.மீ. ஈயக் குண்டைத் தள்ளும்.

இந்த விசைக்கு இரண்டு கட்டம் உண்டு. 2013 முதல் ஒரகடத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் கிளட்ச் லீவர் முதலில் தளர்வாக வந்து பிறகு இறுகுமே, அதுபோலத்தான். இறுகும் இடத்தில் விரல் காத்திருக்கும். குறி அமைந்ததும் இன்னும் ஒரு சிறு அழுத்தம். தளர்வு எவ்வளவு, ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை கிராம், சியர் எவ்வளவு ஆழம் பிடிக்க வேண்டும், சுட்ட பிறகு விசை எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சிறு ஸ்க்ரூ இருக்கிறது.

புதிதாக வருபவர்கள் விசை லேசாக இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம் என்று சர்வதேச விதி இருக்கிறது. ஏர் ரைஃபிளுக்கு அப்படிக் கீழ்வரம்பு இல்லை. நூறு கிராமுக்கும் கீழே வைத்துக்கொள்ள முடியும். ஆனாலும் என்னைக் கேட்டால், 60 முறையும் ஒரே இடத்தில், ஒரே அழுத்தத்தில் விடுபடும் விசைதான் நல்ல விசை.

மலிவான ஸ்ப்ரிங் துப்பாக்கிகளில் விசை கனமாகவும் கரகரப்பாகவும் இருக்கும். உடனே கழற்றி, சியரில் எமரித் தாளைப் போட்டுத் தேய்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பல சியர்கள் கேஸ் ஹார்டனிங் செய்தவை. கடினமான தோல் மில்லிமீட்டரில் ஒரு பங்குதான், உள்ளே மிருதுவான எஃகு. கியர் தயாரிக்கும் இடத்தில் இருப்பவருக்கு இது தெரிந்த சங்கதி. தோல் போய்விட்டால் விளிம்பு சில நாளில் மழுங்கும், பிடிப்பின் கோணம் மாறும், பிறகு துப்பாக்கியைத் தரையில் தட்டினாலே சுடும். குழலை மடித்துக் குண்டு போடும்போது சியர் நழுவினால் குழல் மேலே அறைந்து மூடும்; நடுவில் இருக்கும் விரல் தப்பாது.

திருத்துவதென்றால் முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பாதுகாப்பான பக்கம் நோக்கி வைக்க வேண்டும். ஸ்க்ரூ இப்போது எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஆலன் கீயால் கால் சுற்று மட்டும் திருப்ப வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒரே ஸ்க்ரூ. போட்டித் துப்பாக்கியில் காற்று வெளியேறாமல் விசையை மட்டும் இயக்கிப் பார்க்கும் வசதி உண்டு. அதில் வைத்து, பின்கட்டையை உள்ளங்கையால் பல முறை தட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை நழுவினாலும் சியரின் பிடிப்பைக் கூட்டியே ஆக வேண்டும். ஸ்ப்ரிங் துப்பாக்கியை மட்டும் குண்டில்லாமல் சுடக் கூடாது. காற்றுத் தடை இல்லாத பிஸ்டன் முனையில் மோதிச் சேதமாகும்.