குறைத்து உண்டால் உடல் என்ன செய்கிறது?

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய முடியும் என்பார்கள் பெரியோர். அந்தச் சுவரை நாமே இடித்துக்கொள்ளலாமா? "குண்டாகிவிட்டேன்" என்று காலை இட்லியைத் தவிர்ப்பவர்களும், மதியச் சாப்பாட்டை டிபன் பாக்ஸில் அப்படியே வீட்டுக்குத் திருப்பி எடுத்துச் செல்பவர்களும் நம்மிடையே உண்டு. உணவைக் குறைக்கும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

நாம் சும்மா படுத்திருந்தாலும் இதயம் துடிக்கிறது, நுரையீரல் விரிந்து சுருங்குகிறது, மூளை இயங்குகிறது, உடலின் வெப்பம் காக்கப்படுகிறது. ஒரு நாளில் நாம் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி இப்பணிகளுக்கே போகிறது. இந்த ஆற்றலைக் கலோரியால் அளக்கிறோம். வரவு குறைந்தால் உடல் தன் சேமிப்பில் கைவைக்கிறது.

முதலில் விரைவாகக் குறைவது கொழுப்பு அன்று. கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பு உள்ளது. அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் நீர் சேர்ந்திருக்கிறது. கிளைக்கோஜன் செலவாகும்போது அந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடை மளமளவென்று இறங்குவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே. ஒரு கிலோ உடற்கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியுள்ளது. நாள்தோறும் 500 கலோரி குறைத்தாலும் ஒரு கிலோ கொழுப்பு கரைய 15 நாட்களுக்கு மேல் ஆகும். அளவு மீறிக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

இதைத் தெளிவாகக் காட்டிய சோதனை ஒன்று அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடந்தது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய மக்கள் பசியால் வாடினர். அவர்களை மீட்டெடுக்கும் முறையை அறிய விரும்பினார் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர். மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தனர். 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் அவர்களுக்கு உருளைக்கிழங்கு, ரொட்டி போன்ற எளிய உணவே அளிக்கப்பட்டது. அது நாளொன்றுக்குச் சராசரியாக 1,570 கலோரி அளவே இருந்தது. முன்பு உண்டதில் ஏறக்குறைய பாதி!

அவர்கள் எடையில் சுமார் நான்கில் ஒரு பங்கை இழந்தனர். ஓய்விலிருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் 40 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 35 அளவுக்கு இறங்கியது. கோடையிலும் குளிரால் நடுங்கினர். எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்தனர், எரிந்து விழுந்தனர். சிலர் சமையல் நூல்களையே ஓயாமல் படித்தனர். பசி வயிற்றை மட்டுமல்ல, மனத்தையும் பிடித்துக்கொள்கிறது.

இது ஏன்? நாம் மெலிய விரும்புகிறோம் என்பது உடலுக்குத் தெரியாது. பஞ்சம் வந்துவிட்டதாகவே அது கொள்கிறது. கொழுப்பு குறையும்போது லெப்டின் என்ற ஹார்மோனும் குறைகிறது. 1994ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இது, சேமிப்பின் அளவை மூளைக்கு அறிவிக்கும் தூதன். தூதன் வராவிட்டால் மூளை பசியைக் கூட்டுகிறது. தைராய்டின் வேகமும் தணிகிறது. சிக்கனமான குடும்பத்தலைவி வருமானம் குறைந்ததும் செலவைச் சுருக்குவது போன்றதே இது. பிறகு வயிறார உண்ணும்போது உடல் கொழுப்பை விரைந்து சேர்த்துக்கொள்கிறது. அந்த இளைஞர்கள் பலருக்கும் முன்பிருந்ததை விட அதிகக் கொழுப்பு சேர்ந்தது.

அவர்கள் வளர்ந்த ஆண்கள். நாமோ வளரும் பெண்கள். எலும்புகள் உறுதிபெறும் வயது இது. இரத்தத்துக்கு இரும்புச்சத்தும் மிகுதியாக வேண்டும். இப்பருவத்தில் பட்டினி கிடந்தால் மாதவிலக்கு ஒழுங்கு தவறும், எலும்பு வலுவிழக்கும், படிப்பில் கவனம் சிதறும்.

தவக்கால நோன்பை நினைத்துப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தின்படி இறைச்சி தவிர்த்தல் 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. உண்ணாநோன்போ 18 வயது நிறைந்தவர்களுக்கே கடமை. வளரும் பிள்ளைகளிடம் திருச்சபை கேளாத பட்டினியைக் கண்ணாடி கேட்கலாமா?

உண்மையிலேயே எடை மிகுந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு, சிறிது சிறிதாகக் குறைக்கலாம். எண்ணெய்ப் பலகாரத்தையும் இனிப்பையும் குறைத்து, கீரை, காய்கறி, பயறு, முட்டை, மீன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். நாள்தோறும் ஓடியாடி விளையாடினால் தசை காக்கப்படும். காலை உணவை மட்டும் கைவிட வேண்டாம்.

தோழியரே! உடல் நம் பகைவன் அல்ல. இறைவன் நம்மிடம் ஒப்படைத்த செல்வம். அதைப் பட்டினி போட்டு வருத்தாமல், அளவறிந்து உண்டு நலமாய் வாழ்வோம்!

– பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு