‘ஜெனுயின் லெதர்’னு எழுதியிருந்தா போதுமா?

ஒரகடத்துல வேலை, பக்கத்துலயே ஃபிளாட், கையில முதல் போனஸ். அடுத்து என்ன? சோஃபாதான்.

ஸ்ரீபெரும்புதூர்ல இருந்து பெங்களூரு ஹைவேயில மேற்கே போனா ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடினு தோல் ஊர்களா வரும். ஆனா ஷோரூம்ல ‘லெதரெட்’னு விக்கிறது தோலே இல்லை. துணி மேல பூசின பிளாஸ்டிக். அது பியூவா இருந்தா, காத்துல இருக்கிற ஈரமே அந்தப் பூச்சை மெல்ல மெல்ல உடைக்கும். நீங்க உட்காராட்டியும் உரியும். எங்க வீட்டு சோஃபா மூணாவது மழைக்காலத்துல செதில் செதிலா உதிர்ந்துச்சு, வேட்டி எல்லாம் கறுப்புத் துகள்!

‘பாண்டட் லெதர்’? தோல் கழிவை அரைச்சு, பசை சேர்த்து, மேல பூச்சு. அதுவும் உரியும்.

நிஜத் தோல்ல உறுதி மேல் அடுக்குலதான், அங்கதான் நார் நெருக்கம். ‘ஃபுல் கிரெய்ன்’ அதை அப்படியே வச்சிருக்கும். ‘டாப் கிரெய்ன்’ லேசா தேய்ச்சது. கீழ் அடுக்கை உரிச்சு எடுத்தது ‘ஸ்பிளிட்’. இதையும் ‘ஜெனுயின் லெதர்’னு சொல்லி விக்கலாம், பொய்யில்லை!

அடுத்து ஃபினிஷ். மறைவான மூலையில ஒரு சொட்டுத் தண்ணி விடுங்க. உறிஞ்சினா அனிலின்: அழகு, ஆனா காபி சிந்தினா கறைதான். குழந்தை இருக்கிற வீட்டுக்குப் பிக்மென்ட் பூசின டாப் கிரெய்ன் போதும்.

பில் போடுறதுக்கு முன்னாடி, “பின்பக்கமும் பக்கவாட்டும் இதே தோலா?”னு கேளுங்க. உட்கார்ற இடத்துல மட்டும் தோல் வைக்கிறது சகஜம். பட்ஜெட் இடிக்குதா? பாண்டட் வேண்டாம், நல்ல கெட்டித் துணி சோஃபா வாங்கிடுங்க.